உப்பு வண்டியும் குட்டி யானையும்: சக்கரத்தின் மேல் வீடு கட்டிய கதை

நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் சில மாதங்களாக ஒரே மாதிரியான வீடியோக்கள் சுற்றி வருகின்றன. ஒரு பிக்கப் வண்டி. பின்பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே கட்டில், அடுப்பு, மடக்கு மேஜை, கூரையில் சோலார் பலகை. வீட்டை விற்றுவிட்டு வருடம் முழுவதும் அதிலேயே குடியிருக்கிறார்களாம். "ரிட்டயர் ஆனபின் இப்படித்தான் இருக்கணும்" என்று ஒருவர் எழுத, பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். "எல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த சுகம் சார்" என்று இன்னொருவர். அந்த இன்னொருவருக்குப் பதிலாகத்தான் இதை எழுதத் தொடங்கினேன். எழுத எழுத விஷயம் வேறு பக்கமும் போய்விட்டது. பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

வண்டியையே வீடாக்கிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் ஊராகப் போனவர்களைப் பற்றி நம்மிடம் உள்ள பழைய சாட்சியங்களில் ஒன்று நம் கரையைத்தான் காட்டுகிறது. உமணர் என்ற உப்பு வணிகர்களைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கடலோரத்தில் உப்பை ஏற்றி, உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றியவர்கள். இன்றைக்கும் தூத்துக்குடியிலிருந்து ஆறுமுகநேரி வரை வெள்ளை வெள்ளையாகக் குவித்திருக்கும் உப்பைப் பார்க்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி வருகிறது. உமணர் வண்டி வரிசையோடு கூடவே வந்த ஒரு குரங்கு, பிள்ளையைப் போல வளர்ந்த குரங்கு, சிப்பியின் வயிற்றுக்குள் முத்துகளைப் போட்டு, உமணப் பெண்களின் குழந்தைகளோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. இடம் எது தெரியுமா? கொற்கை. ஏரல் பக்கத்தில் இருக்கும் நம் கொற்கைதான். முத்து கிலுகிலுப்பைக்குள் போகிற அளவுக்குச் செழித்த துறைமுகம் என்று தமிழாசிரியர்கள் இதை விளக்குவார்கள். எனக்கு முத்தைவிடக் குழந்தைகள்தான் கண்ணில் படுகிறார்கள். வியாபாரத்துக்குப் போகிற வண்டியில் குழந்தை இருக்கிறது, வளர்ப்புக் குரங்கு இருக்கிறது என்றால், வீட்டை விட்டுவிட்டுப் போன பயணம் இல்லை அது. வீடே போயிருக்கிறது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை இன்னும் விவரமானது. அது தொண்டை நாட்டுப் பாதையைச் சொல்வது, நம் பாதையை அல்ல. ஆனால் அதே உமணர்கள்தான். அந்த வண்டியின் வர்ணனையைப் படித்தால், இன்றைய பிக்கப் வீட்டின் வரைபடத்தை யாரோ இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே எழுதி வைத்ததுபோல இருக்கிறது. மேலே வேய்ந்த கூரை. வாசல் பக்கத்தில் கோழி அடையும் கூடு. யானையின் முழங்கால் மாதிரி ஒரு சின்ன உரல் வண்டியோடு கட்டித் தொங்குகிறது. வண்டியின் மூக்கில் புளித்த காடி நிரம்பிய பானை, கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. கைக்குழந்தையோடு இருக்கிற பெண் மாடுகளை ஓட்டுகிறாள். வேப்பந்தழை சூடிய ஆண்கள் பக்கத்தில் காவலாக நடந்து வருகிறார்கள். சமையலறை, முட்டைக்குக் கோழி, கெடாத உணவு, காவல் எல்லாம் ஏற்பாடு. ஓட்டுநர் இருக்கையில் குடும்பத் தலைவி.

புறநானூற்றில் ஔவையார் பாட்டு ஒன்றில் (102) இதே உமணர்கள் பள்ளம் மேடு தெரியாத வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று, வண்டியின் கீழே உபரியாக ஒரு அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். நம் டிரைவர்கள் ஸ்டெப்னி என்கிறார்களே, அதேதான். (ஸ்டெப்னி என்ற சொல் இங்கிலாந்தைத் தாண்டி வேல்ஸில் லானெல்லி என்ற ஊரில் உள்ள ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1900களின் தொடக்கத்தில் உபரிச் சக்கரம் தயாரித்த கம்பெனி அந்தத் தெருவில் இருந்தது. அந்தத் தெருவைப் பார்க்காத நம் ஊர் மெக்கானிக் தினம் அதன் பெயரைச் சொல்கிறார்.)

அதன் பிறகு நெடுங்காலம் கூண்டு வண்டிதான். நம் கோயிலுக்கு நேர்ச்சைக்கு வந்த குடும்பங்கள் வில்வண்டியிலும் கூண்டு வண்டியிலும் வந்து, பெண்களும் பிள்ளைகளும் கூண்டுக்குள்ளும் ஆண்கள் வண்டிக்கு அடியிலும் படுத்துவிட்டுப் போனதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1923இல் திருநெல்வேலியிலிருந்து ரயில் வந்ததும் அந்தக் கூட்டத்தில் பாதி வண்டியை விட்டு இறங்கியது.

இனி வெள்ளைக்காரர்களிடம் வருவோம். வேலைக்காக இல்லாமல் சுகத்துக்காகவே சக்கர வீடு கட்டியவர்களில் முதல்வராக வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸைச் சொல்கிறார்கள். பிரிட்டிஷ் கடற்படையில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்று, சிறுவர்களுக்குக் கதை எழுதியவர். 1885இல் பிரிஸ்டல் வேகன் வொர்க்ஸில் "வாண்டரர்" என்ற பெயரில் இரண்டு டன் எடையுள்ள வண்டி செய்து, குதிரை பூட்டி, ட்வைஃபர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை சுமார் 1300 மைல் போனார். நாயும் கிளியும் கூட. எதிரே வண்டி வருகிறதா என்று பார்க்க ஒரு வேலைக்காரர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போனார். உமணருக்குக் குரங்கு, இவருக்குக் கிளி. ஆனால் உமணர் அதிலேயே பிழைத்தார்கள். டாக்டர் வீடு ஒன்றைப் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிக்கப் வண்டிக்கே புகழ் தேடித் தந்தவர் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக். 1960இல், 58 வயதில், முக்கால் டன் ஜிஎம்சி பிக்கப் ஒன்றின் முதுகில் சின்ன அறையை ஏற்றி, டான் குவிக்ஸோட்டின் குதிரைப் பெயரான "ரோசினான்டே"வை அதற்குச் சூட்டி, சார்லி என்ற நாயோடு சுமார் பத்தாயிரம் மைல் அமெரிக்காவைச் சுற்றினார். உள்ளே படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை. 1962இல் புத்தகமாக வந்தது. அதே வருடம் நோபல் பரிசும் கிடைத்தது. வண்டி இன்றும் கலிஃபோர்னியாவில் சாலினாஸ் நகரில் அவர் பெயரிலான மையத்தில் நிற்கிறது. பிற்காலத்தில் ஒரு பத்திரிகையாளர் அதே பாதையில் போய் ஆராய்ந்து, ஸ்டைன்பெக் பல இரவுகளை ஹோட்டலில் கழித்திருக்கிறார் என்று கண்டுபிடித்தார். அறுபதை நெருங்கும் முதுகுக்கு வண்டிப் படுக்கை எவ்வளவு நாள் தாங்கும்? நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இதே ஸ்டைன்பெக் அதற்கு இருபது வருடம் முன்பு, 1939இல், வேறொரு வண்டியைப் பற்றி எழுதியிருந்தார். "க்ரேப்ஸ் ஆஃப் ராத்" நாவலில் ஓக்லஹோமா விவசாயக் குடும்பம் கடனில் நிலத்தை இழக்கிறது. பழைய ஹட்சன் காரை வெட்டி லாரியாக்கி, பாத்திரம் பண்டத்தோடு பாட்டி தாத்தாவையும் ஏற்றிக் கலிஃபோர்னியாவுக்குப் போகிறது. நிஜத்தில் லட்சக்கணக்கானவர்கள் அப்படிப் போனார்கள். 2008இல் அங்கே வீட்டுக் கடன் சரிந்தபோது மறுபடியும் அதே கதை. இந்த முறை வண்டியில் குடியேறியவர்களில் பலர் அறுபது வயது தாண்டியவர்கள். ஓய்வூதியம் வாடகைக்குப் போதாமல், வேனில் படுத்துக்கொண்டு கிடங்குகளிலும் சர்க்கரை பீட்ரூட் அறுவடையிலும் வேலை செய்தார்கள். ஜெசிகா ப்ரூடர் 2017இல் "நோமட்லேண்ட்" என்று எழுதினார். அதைத் தழுவிய படத்துக்கு 2021இல் ஆஸ்கர் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் தூக்கிய நண்பர்கள் அந்தப் படத்தை ஒருமுறை பார்க்கலாம். பென்ஷனும் சொந்த வீடும் உள்ளவருக்கு வண்டி வீடு விடுமுறை. இரண்டும் இல்லாதவருக்கு அதுதான் கடைசிப் படி.

இந்தியாவில் அரசியல்வாதி ஒருவர் கிட்டத்தட்ட வண்டியிலேயே குடியிருந்து ஆட்சியைப் பிடித்தார். 1982இல் கட்சி தொடங்கிய என்.டி.ராமராவ், பழைய செவ்ரோலே வேன் ஒன்றை மாற்றியமைத்து "சைதன்ய ரதம்" என்று பெயரிட்டு, மகன் ஹரிகிருஷ்ணா ஓட்ட, ஆந்திரா முழுவதும் மாதக்கணக்கில் சுற்றினார். 1983 ஜனவரியில் முதலமைச்சர். சினிமாக்காரர்களுக்கான கேரவன் நமக்குப் பழக்கமாவதற்கு முன்பே நடந்தது இது.

ஆனால் நம் பக்கத்துச் சாதாரண மனிதனுக்கு வண்டி வீட்டைக் கொண்டுவந்தது ரதமும் இல்லை, கேரவனும் இல்லை. 2005இல் டாடா நிறுவனம் விட்ட ஏஸ் என்ற சின்ன நாலு சக்கரச் சரக்கு வண்டி. நாம் குட்டி யானை என்கிறோம். முக்கால் டன் சுமை, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், அப்போது இரண்டே கால் லட்சம் வாக்கில் விலை. வங்கியில் கிளார்க்காக இருந்த எனக்கு அந்த வருடங்கள் நன்றாக ஞாபகம் இருக்கின்றன. கொட்டேஷனைக் கையில் பிடித்துக்கொண்டு வாழைக்காய் வியாபாரி, மீன் வியாபாரி, பந்தல்காரர் என்று வரிசையாக வந்தார்கள். படிவத்தில் "உபயோகம்" என்ற இடத்தில் எல்லோரும் சரக்கு ஏற்ற என்றுதான் எழுதினார்கள். எழுதியது பொய்யில்லை. ஆனால் இரவு மார்க்கெட்டுக்குப் போய் விடியும்வரை காத்திருப்பவர் எங்கே படுப்பார்? தார்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குள்தான்.

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேடம் கட்டி ஊர் ஊராகப் போகும் குழுக்களைப் பாருங்கள். தைப்பூசத்துக்குச் சிவகாசி, ராஜபாளையம் பக்கமிருந்து பாதயாத்திரை வரும் கூட்டத்தைப் பாருங்கள். முன்னால் முருகன் படமும் சீரியல் விளக்கும் வைத்த குட்டி யானை. உள்ளே அரிசி மூட்டை, அண்டா, அடுப்பு, பாய், நடக்க முடியாத ஒரு பாட்டி. உமணர் வண்டியில் உரலும் காடிப் பானையும் இருந்த இடத்தில் கிரைண்டரும் தண்ணீர் கேனும் இருக்கின்றன. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்பதும், கவிழ்ந்தால் காப்பீடு கிடைப்பது கஷ்டம் என்பதும் தெரிந்தேதான் வருகிறார்கள். சிலிண்டர் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையத்தில் நின்ற சுற்றுலாப் பெட்டியில், கள்ளத்தனமாகக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் போனார்கள். மூடிய பெட்டிக்குள் அடுப்பு எரிக்கக் கூடாது. வண்டியை நிறுத்தி, சிலிண்டரை வெளியே எடுத்து வைத்து, திறந்த இடத்தில் சமைக்க வேண்டும்.

முறையாக யோசித்துத் தமிழ்நாட்டில் இப்படி ஒரு வீடு கட்டியவர் என்றால் நாமக்கல் மாவட்டத்து இளைஞர், கட்டடக் கலைஞர் என்.ஜி.அருண் பிரபு. 2019இல் சென்னையில் மூன்று சக்கரச் சரக்கு ஆட்டோ ஒன்றின் மேல் "சோலோ .01" என்ற வீட்டைக் கட்டினார். பரப்பு 36 சதுர அடி. அதாவது ஆறடிக்கு ஆறடி. நம் வீட்டுப் பூஜை அறை அளவு. அதற்குள் படுக்கை, சமையல் மேடை, குளியல் தொட்டி, கழிப்பறை. மொட்டை மாடியில் உட்கார நிழலோடு இடம். 600 வாட் சோலார் பலகை, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. இடித்த கட்டடங்களிலும் பழைய பஸ்களிலும் கிடைத்த பொருட்களைப் பயன்படுத்தியதால் செலவு சுமார் ஒரு லட்சம். குடிசைப் பகுதிகளை ஆராய்ந்தபோது, நாலைந்து லட்சம் செலவழித்துக் கட்டிய வீட்டில்கூடக் கழிப்பறை இல்லாததைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார். சுற்றுலாவுக்காக யோசித்தது இல்லை என்பதைக் கவனியுங்கள்.

2021 பிப்ரவரியில் ஆனந்த் மகிந்திரா ட்விட்டரில் இதைப் பாராட்டி, பொலேரோ பிக்கப்பின் மேல் இதேபோல இன்னும் பெரிதாகச் செய்து தருவாரா என்று கேட்டார். நாடே அப்போதுதான் திரும்பிப் பார்த்தது. அடுத்த வருடம் மகிந்திரா நிறுவனம், சென்னை ஐஐடியில் வளர்ந்த கேம்பர்வேன் ஃபாக்டரி என்ற கம்பெனியோடு பொலேரோ கேம்பர் கோல்டு வண்டியை வீடாக்க ஒப்பந்தம் போட்டது. கேரளா 2021லேயே கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கை அறிவித்துவிட்டது.

கணக்குப் பிள்ளை புத்தி போகாது. கொஞ்சம் கணக்குப் போடுகிறேன். 250 லிட்டர் தண்ணீர் என்றால் 250 கிலோ. அரை டன் தாங்கும் ஆட்டோவில் பாதிச் சுமை தண்ணீருக்கே போய்விடும். மீதியில் வீடு, ஆள், அரிசி எல்லாம். அதனால்தான் பிக்கப் வேண்டியிருக்கிறது. பத்து லட்சத்துக்குப் பிக்கப் வாங்கினால், வருடத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் கழித்தால் ஐந்து வருடத்தில் புத்தக மதிப்பு சுமார் 4.44 லட்சம். நிலத்தோடு கூடிய வீட்டுக்கு இப்படி யாரும் கழிப்பதில்லை. வருமான வரிச் சட்டத்துக்கு வீடு என்றால் கட்டடமும் அதை ஒட்டிய நிலமும்தான். வண்டி வீட்டுக் கடனின் வட்டிக்கு வீட்டுக் கடன் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம். இதோடு நம் உப்புக் காற்று. கடலோரத்தில் நிறுத்தி வைத்த வண்டியின் சேஸியைக் குனிந்து பார்த்தவர்களுக்குத் துருவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் மதியம் படுக்க முடியுமா என்பதையும் யோசியுங்கள். உமணர் புல் வேய்ந்தார்கள், நம் தாத்தாக்கள் பனையோலையும் பாயும் போட்டார்கள்; இரண்டும் தகரத்தைவிடக் குளிர்ச்சி.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே பழைய குட்டி யானையை வாங்கிப் பட்டறையில் கொடுத்து வீடு கட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளர் கட்டி, கேம்பர் வேன் என்றே பதிவு செய்த வண்டிதான் நேர்வழி. விபத்து நடந்தபின் காப்பீட்டுக் கம்பெனி ஆர்.சி.யைத்தான் முதலில் கேட்கும்.

இதையெல்லாம் பணத்தால் சரிக்கட்டலாம். சரிக்கட்ட முடியாதது முகவரி. முப்பது வருடத்துக்கு மேல் கவுண்டரில் உட்கார்ந்து நான் அதிகம் கேட்ட கேள்வி "முகவரிச் சான்று இருக்கா?" என்பதுதான். ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் கதவு எண் வேண்டும். அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலம், ஓர் இரவு தங்கிய ரசீதைக் காட்டினால் வண்டிவாசிகளுக்கு ஓட்டுநர் உரிமம் தருகிறது. நம் சட்டத்தில் வாக்காளராக வேண்டுமானால் ஓர் ஊரில் சாதாரணமாகக் குடியிருப்பவராக இருக்க வேண்டும். வீடில்லாதவர்களுக்குத் தேர்தல் ஆணையம் ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறது: சான்று கேட்காமல், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் ஒரு தடவைக்கு மேல் போய், அவர் சொன்ன இடத்தில்தான் படுத்திருக்கிறாரா என்று பார்ப்பார். பிளாட்பாரத்தில் படுப்பவருக்கு இது சரி. தினம் ஒரு ஊரில் படுப்பவரை எங்கே போய்ப் பார்ப்பது? நரிக்குறவர் மக்கள் பழங்குடிப் பட்டியலில் சேர 2023 ஜனவரி வரை காத்திருந்தார்கள். நடமாடிக்கொண்டே இருந்தவர்களைக் கணக்கில் எழுத நம் நாட்டுக் காகிதங்களுக்கு எப்போதுமே நேரம் ஆகிறது. நமக்கு அந்தக் கவலை இல்லை. நவம்பரில் உயிர்ச்சான்றைக்கூட எங்கிருந்தாலும் கைபேசியில் கொடுத்துவிடலாம்.

இப்போது நம் தெரு விஷயம். சஷ்டிக்கும் தைப்பூசத்துக்கும் வெளியூர் வண்டிகள் இரவில் நம் தெருக்களில் நிற்பதைத் தடுக்க, நுழைவாயிலில் சங்கிலி போடுவது என்ற தீர்மானம் வரும் பொதுக்குழுவில் வருகிறது. குப்பை சேர்கிறது, வாசலை மறிக்கிறார்கள், காலையில் காலி மனையில் ஒதுங்குகிறார்கள் என்று சொல்லப்படும் புகார்கள் உண்மைதான். என் வீட்டு வாசலையும் மறித்திருக்கிறார்கள். இருந்தாலும் என் கை அந்தத் தீர்மானத்துக்கு எதிராகத்தான் உயரும். பணம் கொடுத்து வாங்கிய சொகுசு கேரவன் வந்தால் நாம் செல்ஃபி எடுப்போம், பாயும் அண்டாவும் ஏற்றிய குட்டி யானை வந்தால் சங்கிலி போடுவோம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த வண்டிகளில் வரும் பெண்கள் இருட்டும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்று நம் வீட்டுப் பெண்களிடமே சொல்லியிருக்கிறார்கள்.

சங்கிலிக்குப் பதில் நான் முன்வைக்கப்போவது இது. சங்கத்துக்குச் சொந்தமான பூங்காவின் தெற்குப் பக்கத்துக் காலியிடத்தில் விழா நாட்களில் மட்டும் இருபது வண்டிகள் வரிசையாக நிற்கட்டும். பெண்களுக்கு இரண்டு, ஆண்களுக்கு ஒன்று என மூன்று தற்காலிகக் கழிப்பறைகள், ஒரு குழாய், இரண்டு குப்பைத் தொட்டிகள். சிலிண்டர் வண்டிக்கு வெளியே என்று ஒரு போர்டு. ஒரு வண்டிக்கு ஓர் இரவுக்கு ஐம்பது ரூபாய் ரசீது போட்டு வாங்கலாம். ரசீது எழுதும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். குழாயை எந்த மூலையில் வைத்தால் தண்ணீர் தேங்காது என்பதை மட்டும் பூங்கா பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்கு வாருங்கள்.